தனித்து ஓதுதலும் மறுமைக் கேள்வியும்

முன்னுரை

இறப்புக்குப் பின் என்ன என்னும் வினா, எல்லாச் சமயங்களும் விடை பகர முனைந்த வினாவாகும். அவ்வினாவை நூலறிவு கொண்டு அணுகுவது ஒன்று. மகனை இழந்த தாயொருத்தி எதிரே அமர்ந்து கேட்கும்பொழுது அணுகுவது முற்றிலும் வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையே நின்று தவித்த ஒரு மாணவியின் கேள்வியே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

இளங்கலை வகுப்பில் மணிமேகலைக் காப்பியத்தின் ஆதிரை பிச்சையிட்ட காதையை நடத்தி முடித்த ஒரு நாள். வகுப்பு கலைந்த பின்பும் ஒரு மாணவி எழாமல் அமர்ந்திருந்தார். கல்பாக்கத்தை அடுத்த கடலோரச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண். அவர்தம் நெருங்கிய தோழி மீனவர் குடும்பத்தவர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை எழுந்த ஆழிப்பேரலையில் அத்தோழியின் பெரியப்பா கடலோடு போனார், உடல் கிடைக்கவில்லை. அதன்பின் ஆண்டுதோறும் அந்நாளில் அக்குடும்பத்தார் கரைக்குச் சென்று, கடலில் பால் ஊற்றி, மலர் தூவி, அழுது திரும்புகின்றனர். இம்மாணவியும் சிறுமியாக இருந்த நாள் முதல் தோழியோடு உடன் சென்று நிற்பது வழக்கம்.

அவ்வாண்டு ரமலானில் அவர் முதன்முறையாகத் திருக்குர்ஆனின் தமிழ் மொழிபெயர்ப்பைச் சஹர் நேரங்களில் தனியே அமர்ந்து தொடக்கம் முதல் இறுதி வரை வாசித்து முடித்திருந்தார். அச்செய்தி தோழியின் பாட்டிக்கும் எட்டியது. அம்மூதாட்டி இவரை அருகில் அழைத்து, "நீதான் வேதம் ஓதுற பிள்ளையாச்சே. என் புள்ள இப்ப எங்க இருக்கான்னு உங்க வேதத்துல போட்டிருக்குதா? பாத்துச் சொல்லு கண்ணு" என்று கேட்டுவிட்டார்.

"ஐயா, நான் வாசித்த வசனங்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. எதைச் சொல்வது என்று தெரியவில்லை. பொய் சொல்லவும் மனம் இல்லை. ஆயாவின் முகத்தைப் பார்த்து வேறொன்றைச் சொல்லவும் மனம் இல்லை. ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். இனி அவர்களோடு கரைக்குச் செல்வதே தவறோ என்றும் தோன்றுகிறது" என்றார் மாணவி.

அன்று உடனடியாக விடை சொல்ல எனக்கும் இயலவில்லை. வேதத்தைத் தனித்து ஓதுதல் எத்தகையது, மறுமை பற்றி மாறுபட்ட நம்பிக்கை உடையோரிடையே அவ்வோதுதல் நம்மை எவ்வாறு நிறுத்த வேண்டும் என்பவற்றை ஆராய்ந்து எழுதிய விடை இது.

ஓதலும் வாசித்தலும்

தமிழ் முஸ்லிம்கள் செய்தித்தாளை வாசிக்கின்றனர், பாடநூலைப் படிக்கின்றனர், குர்ஆனை மட்டும் ஓதுகின்றனர். 'பிள்ளையை ஓதப் போட்டிருக்கிறோம்', 'யாசீன் ஓதினோம்' என்பன நம் இல்லங்களில் அன்றாடம் கேட்கும் தொடர்கள். இச்சொல் நமக்கு மட்டும் உரியதன்று. சிவாலயங்களில் திருமுறை பாடுவோர் ஓதுவார் எனப்படுகின்றனர். அதற்கும் நெடுங்காலம் முன்பே தொல்காப்பியம், தலைவன் தலைவியைப் பிரிதற்குரிய காரணங்களை எண்ணுமிடத்து ஓதல், பகை, தூது என ஓதலையே முதலில் வைத்தது. ஓதலின் பொருட்டு ஒருவன் வீட்டையும் உறவையும் விட்டுத் தனித்துச் செல்ல வேண்டியிருந்தது என்பது இதனாற் புலனாகும்.

குர்ஆன் என்னும் அரபுச் சொல்லின் வேரும் ஓதுதல், வாசித்தல் என்னும் பொருளையே தரும். முதன்முதல் இறங்கிய வசனங்கள் 96ஆம் அத்தியாயத்தின் முதல் ஐந்து என்பது பெரும்பாலோர் கொள்கை. அவற்றின் முதற்சொல் 'ஓதுவீராக' என்னும் கட்டளையாகும். அக்கட்டளை ஹிரா மலைக் குகையில் தனித்திருந்த ஒரு மனிதரை நோக்கி வந்தது. ஆகவே தனித்து ஓதுதலை ஐயக் கண்கொண்டு நோக்குவோர், இம்மார்க்கத்தின் முதல் ஓதலே தனிமையில் நிகழ்ந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆயினும் அவ்வரலாறு அங்கு முடியவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நடுங்கிய நெஞ்சினராய் இல்லம் திரும்பித் துணைவியார் கதீஜா நாயகியாரிடம் நடந்ததைக் கூறினார்கள். அவர் ஆறுதல் மொழிந்து, தம் உறவினரும் முதியவருமான வரகா பின் நௌபலிடம் அழைத்துச் சென்றார். வரகா கிறித்தவ நெறி தழுவி, முந்தைய வேதங்களைக் கற்றிருந்தவர். தனிமையில் பெற்றதை அன்புடையார் ஒருவரிடமும் அறிவுடையார் ஒருவரிடமும் கொண்டுசென்று கேட்டல் என்னும் முறை தொடக்கத்திலேயே அமைந்துவிட்டது. தனித்து ஓதுதல் வேறு. தனித்தே முடிவு கட்டுதல் வேறு. இவ்வேறுபாடே இக்கட்டுரையின் மையம்.

மூலமும் மொழிபெயர்ப்பும்

பொருள் அறியாமல் ஓதுவதும் நன்மையே என்பது நம் முன்னோர் நம்பிக்கை. எனினும் பொருள் அறியும் வேட்கை அவர்களிடம் இல்லாமற் போகவில்லை. தமிழைத் திருத்தி அமைத்த அரபு எழுத்துகளால் எழுதும் அரபுத்தமிழ் என்னும் முறையைக் காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களின் ஆலிம்கள் வளர்த்தனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816-1898) அம்முறையில் நூல்கள் இயற்றியோருள் தலையாயவர். தமிழ் எழுத்தறியாத பெண்கள் பலரும் அந்நூல்களை வீட்டிலிருந்தே ஓதி மார்க்க அறிவு பெற்றனர். அவ்வகையில், இன்று நம் மாணவி செய்ததை நம் பாட்டிமார் முன்னரே செய்துள்ளனர் எனலாம்.

தமிழ் எழுத்தில் குர்ஆனுக்கு முழுமையான மொழிபெயர்ப்பு வழங்கிய பெருமை ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி அவர்களைச் சாரும். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மதரஸாவில் பயின்ற அவ்வறிஞரின் மொழிபெயர்ப்பு முதற்பகுதி 1929ஆம் ஆண்டு வெளிவந்தது. முழுமையான பதிப்பு 1949ஆம் ஆண்டு வெளிவந்தது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளை எண்ணும்பொழுது அவ்வுழைப்பின் அருமை விளங்கும். இறைமொழியை மனித மொழியில் பெயர்த்தால் பொருள் திரியும் என்ற அச்சம் முஸ்லிம் உலகெங்கும் இருந்த காலம் அது. அவ்வச்சம் பொருளற்றதன்று. மொழிபெயர்ப்பு என்பது மூலம் அன்று. மூலத்தைப் பற்றிய ஒருவரது விளக்கமே. ஓர் அரபுச் சொல்லுக்கு உரிய பல பொருள்களுள் ஒன்றையே தமிழ்ச் சொல் ஏந்தி வரும். இதனை மறந்து, தமிழ்த் தொடரையே இறைவாக்காகக் கொண்டு தீர்ப்பு எழுதத் தொடங்குவோர் தவறிழைப்பர்.

மற்றோர் உண்மையும் உண்டு. சிந்தித்து ஓதாதோரைக் குர்ஆன் 4:82, 47:24 ஆகிய இடங்களில் கடிந்து வினவுகின்றது. சிந்திப்பதற்குப் பொருள் தெரிதல் வேண்டும். எனவே பாகவி போன்றோர் திறந்த கதவு மூடப்பட வேண்டியதன்று. அதன்வழி நுழைவோர் முறையறிந்து நுழைய வேண்டும் என்பதே கருத்து.

சதுரங்கப்பட்டினத்துக் கல்லறைகள்

கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை ஒன்று உள்ளது. 17ஆம் நூற்றாண்டில் டச்சு கிழக்கிந்திய வணிகக் குழுவினர் இங்கிருந்து நுண்துணிகளை ஏற்றுமதி செய்தனர். 1824ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் இந்தியாவிலிருந்த டச்சு உடைமைகள் ஆங்கிலேயர் வசமாயின. இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள அக்கோட்டைக்குள், எழுத்தும் சிற்பமும் செதுக்கிய கல்லறைப் பலகைகள் காணப்படுகின்றன. பிறந்த மண்ணுக்கு நெடுந்தொலைவில், நம் கடற்காற்றில் உறங்குகின்றனர் அவ்வணிகர்.

அவர்களுடைய நாட்டுச் சமய வரலாறு நமக்கு ஒரு பாடமாகும். வேதம் ஒன்றே சான்று என்னும் முழக்கத்தோடு 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் சமயச் சீர்திருத்தம் எழுந்தது. குருமார் வழியாகவே வேதப் பொருளைக் கேட்டறிந்த மக்கள், தம் தாய்மொழியில் தாமே வாசிக்கலாயினர். மார்ட்டின் லூதரின் செர்மானிய மொழிப் புதிய ஏற்பாடு 1522ஆம் ஆண்டு வெளிவந்தது. அவ்வியக்கத்தின் பயனாகவே சீகன்பால்கு தரங்கம்பாடியில் பதிப்பித்த தமிழ்ப் புதிய ஏற்பாடும் 1715ஆம் ஆண்டு நமக்குக் கிட்டியது. எழுத்தறிவும் அச்சுக்கலையும் உரைநடையும் இதனால் வளர்ந்தன என்பதை மறுப்பார் இலர்.

அதன் மறுபக்கத்தையும் காண வேண்டும். 1618-1619ஆம் ஆண்டுகளில் டச்சு நாட்டின் டோர்ட்ரெக்ட் நகரில் திருச்சபைப் பேரவை கூடிற்று. மீட்புப் பெறுவோர் யாவர் என்பதை இறைவன் முன்னரே விதித்துவிட்டானா, அன்றி மனிதன் ஏற்பதற்கும் மறுப்பதற்கும் அதில் இடமுண்டா என்பதே முதன்மையான வழக்கு. இருதரப்பாரும் ஒரே வேதத்தையே வாசித்தவர்கள். பேரவை ஒரு தரப்பை ஏற்று மறுதரப்பைத் தவறென்றது. மாறுபட்ட போதகர்கள் பதவி இழந்தனர். பலர் நாடு கடத்தப்பட்டனர். அரசியற் பகையும் அதனோடு கலந்தது. மறுதரப்பை ஆதரித்த முதுபெரும் அரசியலாளர் ஓல்டன்பார்னவெல்ட் 1619ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் தலை வெட்டுண்டு இறந்தார். இதே பேரவைதான், பின்னர் 1637ஆம் ஆண்டு வெளிவந்த புகழ்பெற்ற டச்சு வேத மொழிபெயர்ப்புக்கும் ஆணையிட்டது. வேதத்தை வீடுதோறும் சேர்த்த கையே, மறுமை பற்றிய மாற்றுக் கருத்துக்குத் தண்டனையும் எழுதிற்று.

இதனைப் பிறர் குறையாக மட்டும் கருதுதல் நேர்மையாகாது. விதி பற்றியும், பெரும்பாவம் செய்தவரின் மறுமை நிலை பற்றியும் நம் சமுதாயத்திலும் தொடக்க நூற்றாண்டுகளிலேயே காரிஜிய்யா, முஃதஸிலா முதலிய பிரிவுகள் எழுந்தன. தம்மோடு உடன்படாத முஸ்லிம்களையே இறைமறுப்பாளர் எனத் தீர்ப்பளித்தோரும் குர்ஆனை இரவெல்லாம் ஓதியவர்களே. ஓதுதல் குறைவாக இருந்ததனால் அப்பிழை நேரவில்லை. ஓதியதைத் தம் நெஞ்சை நோக்கித் திருப்பாமல் பிறர் கழுத்தை நோக்கித் திருப்பியதனால் நேர்ந்தது.

மறுமை குறித்த மாறுபட்ட கொள்கைகள்

நம் கடற்கரை, மறுமை பற்றிய பல நம்பிக்கைகள் அருகருகே வாழும் கரை. பூதத்தாழ்வார் அவதரித்த கடல்மல்லையில் வைணவர் வைகுந்தப் பேற்றை வேண்டுகின்றனர். திருக்கழுக்குன்றத்து மலையேறும் சைவர் பிறவி அறுத்துச் சிவனடி சேர்தலை வேண்டுகின்றனர். கோவளத்தில் நபித்தோழர் தமீமுல் அன்சாரி (ரலி) அடங்கியிருப்பதாக நம்பிப் பல சமயத்தாரும் தர்காவுக்கு வருகின்றனர். அடக்கத்தலங்களில் என்ன செய்யலாம், என்ன செய்யலாகாது என்பதில் நமக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு என்பதும் யாவரும் அறிந்ததே. கிறித்தவர் உயிர்த்தெழுதலை நம்புகின்றனர். நாமோ கப்ரின் கேள்வி கணக்கையும், எழுப்பப்படும் நாளையும், நன்மை தீமை நிறுக்கப்படுவதையும், சுவர்க்க நரகத்தையும் நம்புகின்றோம். இவை ஒன்றுக்கொன்று மாறுபட்டவை. எல்லாம் ஒன்றே எனப் பொதுவாகச் சொல்லி வேறுபாட்டை மழுப்புதல் எச்சமயத்தாருக்கும் மதிப்பளிப்பதாகாது.

மாறுபட்ட கொள்கையினர் மறுமை பற்றி எவ்வாறு உரையாடலாம் என்பதற்குத் தமிழிலக்கியம் இரு சான்றுகள் தருகின்றது. ஒன்று, நாம் வகுப்பில் கண்ட ஆதிரை காதை. கப்பல் உடைந்து சாதுவன் இறந்தான் எனக் கேட்டு ஆதிரை தீப்புகுகின்றாள். தீ அவளைச் சுடவில்லை. சாதுவனோ மரத்துண்டைப் பற்றி நீந்தி, நாகர் வாழும் மலைக்கரையில் ஒதுங்குகின்றான். அவர்கள் கடலில் ஒதுங்குவோரைக் கொன்று தின்பவர்கள். அவர்கள் மொழியை அறிந்திருந்ததனால் சாதுவன் உயிர் தப்புகின்றான். நாகர் தலைவன், உடலை விட்ட உயிர் வேறோரிடம் புகும் என்பது எங்ஙனம் என்று வினவுகின்றான். சாதுவன் பௌத்த நெறி நின்று விடை கூறுகின்றான். தங்களால் கைக்கொள்ள இயலும் அறத்தைச் சொல்லுமாறு தலைவன் கேட்க, மரக்கலம் உடைந்து கரை சேர்வோரைக் கொல்லாதொழிக என்றும், முதிர்ந்து தாமே இறந்த விலங்கன்றிப் பிறவற்றைக் கொல்லாதொழிக என்றும் உரைக்கின்றான்.

இப்பகுதியின் நுட்பம் ஈண்டு நோக்கத்தக்கது. மறுமை பற்றிய உரையாடல், கடல் ஒதுக்கிய மனிதனிடம் இரக்கம் காட்டுதல் என்னும் இம்மை ஒழுக்கத்தில் வந்து நிற்கின்றது. பௌத்தர் கூறும் மறுபிறவியை நாம் ஏற்பதில்லை. ஆனால் மறுமை நம்பிக்கையின் உரைகல், துயருற்றவனிடம் நாம் நடந்துகொள்ளும் முறையே என்பதை மறுக்க நம்மிடம் காரணம் ஏதுமில்லை.

மற்றொன்று, வண்ணப்பரிமளப் புலவர் 1572ஆம் ஆண்டு இயற்றிய ஆயிர மசலா. இன்று முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் காலத்தால் முந்தியது இது என்பர். யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு சலாம் கேட்கும் வினாக்களும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அளிக்கும் விடைகளுமே நூலின் பொருள். படைப்பு, விண்ணகம், சுவர்க்கம், நரகம், இறுதிநாள் என வினாக்கள் விரிகின்றன. அரபு மொழியில் தோன்றிய இக்கதை பாரசீகம், மலாய், சாவக மொழி எனக் கடல் கடந்து பல மொழிகளிற் பரவியது; 12ஆம் நூற்றாண்டிலேயே இலத்தீனுக்கும் சென்றது. வினவுபவர் வேற்றுச் சமயத்தவர். அவரை எவரும் 'கேட்காதே' எனத் தடுக்கவில்லை. தமிழ் முஸ்லிம் இலக்கியத்தின் வாயிலிலேயே நிற்பது மறுமை பற்றிய கேள்வி. எனவே நம் மாணவி கேட்டதும், மீனவ மூதாட்டி கேட்டதும் நம் மரபுக்குப் புறம்பானவை அல்ல.

தீர்ப்பு யாரிடத்தது?

இனி நம் மாணவியின் உறக்கத்தைக் கலைத்த பகுதிக்கு வருவோம். குர்ஆன் மறுமைத் தண்டனையைப் பற்றிக் கடுமையாகப் பேசுகின்றது. அதனை மறைக்க வேண்டுவதில்லை. இறைவனுக்கு அடிபணிதலாகிய நெறியன்றி வேறொன்று ஏற்கப்படாது என்று 3:85 உரைக்கின்றது. இறைவனையும் இறுதிநாளையும் நம்பி நற்செயல் புரிந்த யூதர், கிறித்தவர், ஸாபியீன் ஆகியோர்க்கும் அச்சமில்லை என்று 2:62, 5:69 ஆகியன உரைக்கின்றன. இவற்றைப் பொருத்திக் காண்பதில் விரிவுரையாளர்களிடையே பல கருத்துகள் உண்டு. ஒரு வசனத்தை மட்டும் தனித்து எடுத்து வாசிப்போர் பிற வசனங்களின் குரலைக் கேட்பதில்லை. தனித்து ஓதுவோர் முழுவதையும் ஓத வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

முழுவதையும் ஓதுவோர்க்கு 20ஆம் அத்தியாயத்தில் ஓர் உரையாடல் எதிர்ப்படும். மூஸா நபி (அலை) அவர்களிடம் பிர்அவ்ன், முன்சென்ற தலைமுறையினரின் நிலை என்ன என்று வினவுகின்றான். ஏறத்தாழ அம்மூதாட்டி கேட்ட அதே கேள்வி. ஆனால் அவர் கேட்டது துயரத்தால். இவன் கேட்டது மடக்குவதற்காக. மடக்க வந்தவனுக்கும் மூஸா நபி அவர்கள் எத்தீர்ப்பும் சொல்லவில்லை. அவர்களைப் பற்றிய அறிவு தம் இறைவனிடம் ஓர் ஏட்டில் உள்ளது. அவன் தவறுவதுமில்லை, மறப்பதுமில்லை என்ற கருத்துப்படவே விடை பகர்ந்தார்கள் (20:51, 52). இறைவனோடு உரையாடிய நபியே தம் அறிவின் எல்லையைக் காட்டி நின்றார்கள் என்றால், ஒரு ரமலானில் ஒருமுறை வாசித்து முடித்த நாம் எம்மாத்திரம்?

இவ்வடக்கம் பிற சமயத்தார் பற்றிய கேள்விக்கு மட்டும் உரியதன்று. நபித்தோழர் உஸ்மான் பின் மழ்ஊன் (ரலி) மறைந்தபொழுது, அவரைப் பேணிய உம்முல் அலா என்னும் பெண்மணி, இறைவன் அவரைக் கண்ணியப்படுத்திவிட்டான் எனச் சான்று பகர்ந்தார். அது உமக்கு எவ்வாறு தெரியும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வினவி, அவருக்கு நன்மையையே தாம் ஆதரவு வைப்பதாகவும், எனினும் இறைத்தூதராகிய தமக்கும் அது தெரியாதென்றும் உரைத்த செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. நல்லடியார் ஒருவருக்குச் சுவர்க்கம் என்று உறுதி கூறுவதற்கே தடை இருக்க, முகம் அறியாத ஒருவருக்கு நரகம் என்று உறுதி கூறுவது எவ்வாறு பொருந்தும்?

இமாம் கஸ்ஸாலி அவர்கள் (மறைவு கி.பி. 1111) பைஸலுத் தப்ரிகா என்னும் நூலில் இப்பொருளை ஆராய்ந்துள்ளார்கள். இஸ்லாத்தின் அழைப்பே எட்டாதவர். திரிக்கப்பட்ட செய்தி மட்டும் எட்டியவர். உண்மையை உள்ளவாறு அறிந்தும் பிடிவாதத்தால் மறுத்தவர் எனப் பிற சமயத்தாரை வகுத்து, முதலிரு வகையினர் மன்னிக்கத்தக்கோர் என்று எழுதினார்கள். தம் காலத்துக் கிறித்தவர்களிலும் துருக்கியர்களிலும் மிகப் பலரை இறையருள் தழுவும் என்ற நம்பிக்கையையும் வெளியிட்டார்கள். தமிழகக் கடற்கரை முஸ்லிம்களிற் பலர் ஷாஃபிஈ வழியினர். இமாம் அவர்களும் அவ்வழியினரே. ஒருவரது நெஞ்சை எச்செய்தி எவ்வடிவில் எட்டியது என்பதை அறிபவன் இறைவன் ஒருவனே. ஆகவே இப்பகுப்பு, தீர்ப்பை நம் கையிலிருந்து எடுத்து அவனிடமே சேர்க்கின்றது.

அபூதர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தி இங்கு நினைவுகூரத்தக்கது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஓரிரவு முழுவதும் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்ப ஓதி விடியும் வரை நின்றார்கள். அது 5:118, ஈசா நபி (அலை) அவர்கள் தம் மக்களைப் பற்றி மறுமையில் இறைவனிடம் கூறுவதாக அமைந்த வசனம். தண்டித்தாலும் அவர்கள் உன் அடியார்களே. மன்னித்தாலும் நீ வல்லமையும் ஞானமும் உடையவன் என்பது அதன் கருத்து. நள்ளிரவில் தனித்து ஓதுதலின் உச்சநிலை இதுவெனின், அங்கு ஒலிப்பது தீர்ப்பன்று. பிறர்க்காக உருகும் மன்றாட்டே.

அவரவர் ஏடு

மறுமையிலும் ஓர் ஓதல் உண்டு. ஒவ்வொரு மனிதனின் செயலேடும் அவன் கழுத்தில் பிணைக்கப்பட்டிருக்கும். அந்நாளில் அது விரித்து வைக்கப்படும். அவனே அதனை ஓத வேண்டும். கணக்கிட அவனே போதும் என்ற கருத்தை 17:13, 14 உணர்த்துகின்றன. அடுத்த வசனமே, ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்கின்றது. அங்கு அண்டை வீட்டாரின் ஏடு நம் கையில் தரப்படுவதில்லை. இவ்வுலகில் சஹர் நேரத்து விளக்கொளியில் வேதத்தைத் தனித்து ஓதுவது, அந்நாளில் தன் ஏட்டைத் தனித்து ஓதுவதற்கான பயிற்சியே ஆகும். வேதத்தில் கடுமையான சொல் வரும்போதெல்லாம் 'இது யாரைச் சொல்கிறது' என்று தேடாமல், 'இதில் எனக்கு என்ன இருக்கிறது' என்று தேடுபவரே அப்பயிற்சியில் தேறுவர்.

தனித்து ஓதும் மாணவர்க்குச் சில நெறிகளை இங்குத் தொகுத்துக் கூறலாம். ஒரு வசனத்தை அதன் முன்னும் பின்னும் சேர்த்து ஓதுக. ஒரு பொருள் பற்றி வரும் வசனங்கள் அனைத்தையும் திரட்டிக் காண்க. இயன்றால் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிபெயர்ப்புகளை ஒப்பிடுக. ஐயம் எழுந்தால் அறிந்தோரிடம் கேட்க; குர்ஆனே 16:43இல் அவ்வாறு பணிக்கின்றது. யாவற்றினும் மேலாக, ஓதி முடித்தபின் நெஞ்சம் இளகியுள்ளதா, இறுகியுள்ளதா என்று தன்னைத் தானே சோதித்துக் கொள்க.

முடிவுரை

மாணவியின் கேள்விகள் இரண்டு. கரைக்குச் சென்று உடன் நிற்கலாமா என்பது ஒன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முன் ஒரு சடலம் எடுத்துச் செல்லப்பட்டபொழுது எழுந்து நின்றார்கள். அது ஒரு யூதருடையது என்று கூறப்பட்டபோது, அதுவும் ஓர் உயிரன்றோ என்னும் கருத்துப்பட வினவினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி இது. பால் ஊற்றும் சடங்கு அவர்களுடையது. அதில் நாம் பங்கேற்பதில்லை. ஆனால் அழும் மனிதரின் அருகில் நிற்பதற்கு நம் மார்க்கத்தில் தடையில்லை, முன்மாதிரியே உண்டு.

மகன் எங்கே இருக்கின்றான் என்று கேட்ட தாய்க்கு என்ன சொல்வது என்பது மற்றொன்று. மூஸா நபியவர்களின் விடையே அதற்கும் போதுமானது. அவ்விடையைப் பிர்அவ்னிடம் சொல்லியதுபோலன்றி, ஒரு தாயிடம் சொல்வதுபோல் சொல்ல வேண்டும். இவற்றையெல்லாம் எழுதிக் கொடுத்தபொழுது மாணவி வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வாங்கிச் சென்றார்.

அடுத்து வந்த டிசம்பரில் அவர் கரைக்குச் சென்றார் என அறிந்தேன். "என்னம்மா சொன்னாய்?" என்று கேட்டேன். "எனக்குத் தெரியாது ஆயா, படைத்தவனுக்குத் தெரியும், அவன் மறக்கமாட்டான் என்று எங்கள் வேதத்தில் இருக்கிறது என்றேன் ஐயா" என்றார். மூதாட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அது போதும் கண்ணு. கடலு மறந்துடுச்சு; அவன் மறக்காம இருந்தாச் சரி" என்றாராம்.

நான் பல நாள் ஏடுகளைப் புரட்டித் தேடிய பொருளை அத்தாய் ஒரு நொடியில் பெற்றுக்கொண்டார். மறுமை பற்றிய அவர் நம்பிக்கை அவருடையது. நம் நம்பிக்கை நம்முடையது. இரண்டும் மாறவில்லை. நன்மைகளில் முந்திக்கொள்ளுமாறும், கருத்து மாறுபட்டவற்றை இறைவனே அந்நாளில் விளக்குவான் என்றும் 5:48 நமக்கு உணர்த்துகின்றது. அந்நாள் வரும் வரை நாம் ஓத வேண்டியது நம் வேதத்தையும், அதன் ஒளியில் நம் நெஞ்சையுமே.